விண்வெளி வரைக்கும் போன பாட்டு, வழியில் தொலைந்த பெயர்: யார் இந்த ஷைலேந்திரா?

கிராவிட்டி படம் பார்த்திருப்பீங்க. 2013ல் வந்த ஹாலிவுட் படம். தொடக்கக் காட்சியிலேயே, பூமிக்கு மேலே கயிறு கட்டி மிதந்துகொண்டு ஷெரீஃப் என்ற விண்வெளி வீரர் ஒரு பழைய இந்திப் பாட்டைப் பாடுவார். மூணு வருஷம் கழித்து வந்த டெட்பூல் படத்தில், டாக்சி காட்சியில் அதே பாட்டு. மேரா ஜூத்தா ஹை ஜப்பானி. 1955ல் வெளிவந்த ஸ்ரீ 420 படத்துப் பாட்டு.

திரையில் ராஜ் கபூர், குரல் முகேஷ், இசை சங்கர் - ஜெய்கிஷன். இதுவரைக்கும் பல பேர் சொல்லிடுவாங்க. வரிகளை எழுதியது யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாங்க. எழுதியவர் பெயர் ஷைலேந்திரா. அவருடைய சொற்கள் மாஸ்கோ, பெய்ஜிங், இஸ்தான்புல், சென்னை என்று போகாத ஊர் இல்லை. கூடவே போகாதது அவர் பெயர் மட்டும்தான்.

ஒரு பாட்டு ஏன் எல்லை தாண்டுகிறது என்று கேட்டால், இசைக்கு மொழி கிடையாது என்ற ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. கேட்க நல்லா இருக்கும். ஆனால் அது உண்மை என்றால் எல்லா நல்ல பாட்டும் எல்லை தாண்டியிருக்கணுமே? பெரும்பாலானவை பக்கத்து மாநிலத்துக்கே போவதில்லை. ஷைலேந்திராவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் வேறு சில காரணங்கள் தட்டுப்படுகின்றன.

ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஸ்டூடியோவுக்கு

சங்கர்தாஸ் கேசரிலால் ஷைலேந்திரா பிறந்தது 1923 ஆகஸ்ட் 30, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டியில். குடும்பத்தின் பூர்வீகம் பீகாரின் ஆரா பகுதி. பிழைப்புக்காக ராவல்பிண்டி போன குடும்பம், பிறகு கஷ்டம் முற்றி உத்தரப் பிரதேசத்தின் மதுராவுக்கு வந்தது. தலித் குடும்பம். பையன் ஹாக்கி பிரியன். மைதானத்தில் கூட விளையாடியவர்கள் சாதியைச் சொல்லிக் கிண்டல் செய்ததால் மட்டையையே உடைத்துப் போட்டுவிட்டார் என்று ஒரு சம்பவம் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

மதுராவில் படித்துவிட்டு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பம்பாயில், மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப். பகலில் வெல்டிங் பட்டறை, மாலையில் இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றம். இடதுசாரிக் கலைஞர்கள் கூடிய அமைப்பு அது. தொழிலாளர் கூட்டங்களில் பாடுவதற்கென்றே எழுதினார். அந்தக் காலத்தில் அவர் எழுதிய வேலைநிறுத்த முழக்கம் ஒன்று வட இந்தியப் போராட்டங்களில் இன்றைக்கும் கேட்கிறது. போடுபவர்களில் பல பேருக்கு அது ஒரு சினிமாப் பாடலாசிரியர் எழுதியது என்றே தெரியாது.

பிரிவினை சமயத்தில், எரிகிற பஞ்சாபைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ராஜ் கபூரும் ஒருவர். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். கவிதையை விலைக்குக் கேட்டாராம். விற்பதற்கு எழுதவில்லை என்று ஷைலேந்திரா மறுத்துவிட்டாராம். பின்னர் மனைவி கர்ப்பமாக இருந்தபோது கையில் காசு இல்லை. வேறு வழியில்லாமல் ராஜ் கபூரிடமே போய் 500 ரூபாய் கேட்டார் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வாங்கிய பணத்துக்கு ஈடாக எழுதியதுதான் 1949ல் வந்த பர்சாத் படத்தின் இரண்டு பாடல்கள். படம் ஓடியது. வெல்டர் பாடலாசிரியர் ஆனார்.

அடுத்த 17 வருஷம் ராஜ் கபூர், சங்கர் - ஜெய்கிஷன், ஷைலேந்திரா, இன்னொரு பாடலாசிரியரான ஹஸ்ரத் ஜெய்ப்பூரி என்று ஒரே டீம். ஹஸ்ரத்தும் பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். இந்தியாவின் மிகப் பெரிய சினிமா ஏற்றுமதியின் வரிகளை எழுதியவர்கள் ஒரு ரயில்வே தொழிலாளியும் ஒரு பஸ் கண்டக்டரும். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

படிக்கத் தெரியாத ரசிகருக்கு எழுதியவர்

ஒரு எண்ணைப் பார்ப்போம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு 18.33 சதவீதம். அதே வருஷம்தான் ஆவாரா வெளிவந்தது. அதாவது தியேட்டருக்கு வெளியே பாட்டுப் புத்தகம் விற்றாலும், வாங்கிப் படிக்கக் கூடியவர்கள் ஐந்தில் ஒருவர்கூடக் கிடையாது. பாட்டு காது வழியாகவே மனசுக்குள் போய் உட்காரணும். ஒரு தடவை கேட்டதும் வாயில் வரணும்.

ஷைலேந்திராவின் பலமே அதுதான். உருதுக் கவிதையின் கனமான சொற்களையோ சம்ஸ்கிருதம் கலந்த இந்தியையோ அவர் பெரும்பாலும் தொடவில்லை. சந்தையில், பட்டறையில், ரயில் பெட்டியில் புழங்கும் சொற்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். நெடில் ஓசையில் முடியும் சொற்கள், இழுத்துப் பாட வசதியானவை. எழுத்தறிவு இல்லாத ரசிகருக்காகச் செய்த அந்த எளிமைதான், இந்தியே தெரியாத வெளிநாட்டு ரசிகருக்கும் உதவியது என்பது என் கணிப்பு. இரண்டு பேருடைய நிலைமையும் ஒன்றுதானே. காதில் விழுவதை அப்படியே பிடிக்கணும்.

ஆவாரா ஹூன் பாட்டையே எடுத்துக்குங்க. ஆவாரா என்றால் ஊர்சுற்றி, வீடு வாசல் இல்லாதவன். பாரசீகத்தில் இருந்து இந்துஸ்தானிக்கு வந்த சொல். அதனால் ஈரானிலும் தஜிகிஸ்தானிலும் அந்தச் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. துருக்கி மொழியிலும் அது அவாரே என்று ஏற்கெனவே இருந்தது. ரஷ்ய மொழியில் அந்தச் சொல் இல்லை, ஆனால் வேறொரு அதிர்ஷ்டம் இருந்தது. ரஷ்யனில் யா என்றால் நான். பாட்டில் இழுத்துப் பாடும் இடத்தை ரஷ்யர்கள் ஆவாரா-யா என்று பாடிக்கொண்டார்கள். நான் ஊர்சுற்றி என்ற அர்த்தமும் தானாகவே வந்துவிட்டது.

கொழும்பு வழியாக வந்த இந்திப் பாட்டு

இதில் ஒரு வேடிக்கை, இந்தப் பாட்டுகள் சொந்த நாட்டு ரசிகர்களிடம் வருவதற்கே எல்லை தாண்ட வேண்டியிருந்தது. 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டமாக நினைத்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு கிட்டத்தட்ட இடமே இல்லாமல் போனது. அந்த இடைவெளியில் புகுந்தது ரேடியோ சிலோன். கொழும்பில் இருந்து சிற்றலையில் இந்திச் சேவை, அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. இலங்கையில் இருந்து கிளம்பிய அலை டெல்லியிலும் கராச்சியிலும் பாட்டைக் கொண்டு சேர்த்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசு இந்த ஆட்டத்துக்குள் திரும்பி வந்தது. பாட்டு நல்லா இருந்தால் மட்டும் போதாது, அது போக ஒரு பாதையும் வேணும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

சோவியத் யூனியனுக்கான பாதை அரசியல் போட்டது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் திறந்தது. அமெரிக்கப் படங்களுக்குப் பெரிதாக இடம் கொடுக்க மனசில்லை, ஆனால் மக்களுக்குப் பொழுதுபோக்கு வேணும். இந்தியா நட்பு நாடு. 1954ல் ஆவாரா அங்கே திரையிடப்பட்டது, பிராத்யாகா என்ற பெயரில். ஊர்சுற்றி என்பதற்கான ரஷ்யச் சொல். ராஜ் கபூரும் நர்கிஸும் நேரில் போனார்கள். வசனத்தை டப் செய்துவிட்டுப் பாட்டுகளைப் பெரும்பாலும் இந்தியிலேயே விட்டார்கள்.

சோவியத் கணக்குப்படி சுமார் 6.37 கோடி டிக்கெட். 1959 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகை 20.88 கோடி. வகுத்துப் பார்த்தால் நூறு பேருக்கு 30 டிக்கெட். திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு என்பதால் நூறில் 30 பேர் பார்த்தார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. சமூக ஊடகத்தில் இந்த எண்ணை அப்படித்தான் போடுகிறார்கள், அது தப்பு. எப்படிக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் பிரமாண்டமான எண்தான் இது. சோவியத்தில் ஓடிய வெளிநாட்டுப் படங்களில் இதைத் தாண்டியவை விரல்விட்டு எண்ணக் கூடியவை.

படத்தின் கதையும் அந்த நேரத்துக்குப் பொருந்தியது. நல்லவனின் மகன் நல்லவன், திருடனின் மகன் திருடன் என்று நம்பும் ஒரு நீதிபதி. அவரால் வீட்டை விட்டு விரட்டப்பட்ட மனைவிக்குப் பிறந்த பையன் சேரியில் வளர்ந்து திருடனாகிறான். பிறப்பு முடிவு செய்கிறதா, வளர்ப்பு முடிவு செய்கிறதா? கதை கே.ஏ.அப்பாஸ் எழுதியது. உலகப் போரில் அப்பாவை இழந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்த நாடு அது. வீடில்லாதவன் ஒருவன் சிரித்துக்கொண்டே தெருவில் பாடிப் போவது அங்கே எப்படிக் கேட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

அப்பாஸ் இந்தக் கதையை ராஜ் கபூருக்கு மணிக்கணக்கில் சொன்னபோது ஷைலேந்திரா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாராம். முடிந்ததும் ராஜ் கபூர் அவரிடம் கருத்துக் கேட்க, மொத்தக் கதையையும் ஒற்றை வரியில் சுருக்கிச் சொன்னாராம். அந்த வரிதான் பாட்டுக்குள் போனது என்கிறார்கள். பிறப்பை வைத்து மனிதனை எடை போடுவது பற்றிய படத்துக்குப் பாட்டு எழுத, மதுரா மைதானத்தில் இருந்து வந்த அந்த மனிதருக்கு முன்தயாரிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

எல்லோருமே சொக்கிப் போனார்கள் என்றும் இல்லை. சோல்ஜெனிட்சினின் கேன்சர் வார்டு நாவல் 1955ல் ஒரு சோவியத் மத்திய ஆசிய நகரத்து மருத்துவமனையில் நடக்கிறது. அதில் ஸோயா என்ற இளம்பெண் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டுவாள். முகாமில் இருந்து வந்த நாயகனுக்கு எரிச்சல் வரும். நிஜத் திருடர்களோடு முகாமில் வாழ்ந்தவனுக்கு, திருடனை அழகுபடுத்தும் பாட்டு எப்படிப் பிடிக்கும்? பாட்டு எந்த அளவுக்கு ஊருக்குள் ஊறியிருந்தால் ஒரு நாவலாசிரியர் அதோடு சண்டை போடுவார் என்பதையும் இதில் கவனிக்கலாம்.

சீனாவுக்கு 1955ல் போனது. கலாசாரப் புரட்சி முடிந்து 1970களின் கடைசியில் மறுபடியும் திரையிட்டபோது இன்னொரு தலைமுறை பார்த்தது. ஜியா ஜாங்கே 2000ல் எடுத்த பிளாட்ஃபார்ம் படத்தில், அந்தக் காலத்து இளைஞர்கள் தியேட்டரில் ஆவாரா பார்க்கும் காட்சியே உண்டு. சீனர்கள் அந்தப் பாட்டுக்கு வைத்த பெயர் ராஜின் பாட்டு. ராஜ் என்பது கதாநாயகனின் பெயர். எழுதியவர் கரைந்து, பாடிய முகேஷும் கரைந்து, பாட்டு கடைசியில் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சொத்தாகிவிட்டது. துருக்கியில் 1964ல் படத்தையே ரீமேக் செய்தார்கள்.

வந்ததும் உண்டு

ஏற்றுமதி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதே ஆவாரா படத்தின் கனவுக் காட்சியில் வரும் கர் ஆயா மேரா பர்தேசி, எகிப்தின் உம் குல்தூம் 1930களில் பாடிய ஒரு பாட்டின் மெட்டில் இருந்து வந்தது. அதற்கும் வரிகள் ஷைலேந்திராதான். 1958ல் மதுமதி படத்துக்கு சலில் சௌத்ரி ஒரு போலந்து நாட்டுப்புறப் பாட்டின் மெட்டைக் கொண்டுவந்தார். மறுபடியும் ஷைலேந்திரா. கெய்ரோ மெட்டாக இருந்தாலும் போலந்து கிராமத்து மெட்டாக இருந்தாலும், அவர் கைபட்டால் உள்ளூர்ப் பாட்டு ஆகிவிடும்.

ஸ்ரீ 420ல் ராமையா வஸ்தாவையா என்று ஒரு பாட்டு. இது தெலுங்கு. சங்கர் ஹைதராபாத்தில் வளர்ந்தவர், தெலுங்கு தெரியும். மெட்டுக்காக அவர் சும்மா போட்டு வைத்த சொற்கள் நிலைத்துவிட்டன என்கிறார்கள். இந்திப் பாடலாசிரியர் அதை எடுத்துவிடாமல், அதைச் சுற்றியே மீதிப் பாட்டை எழுதினார். அர்த்தம் தெரியாமலே வட இந்தியா முழுக்கப் பாடியது. 1963ல் முதல் போஜ்புரிப் படமான கங்கா மையா தோஹே பியரி சடைபோ வந்தபோது பாட்டுகளை எழுதியதும் இவர்தான். பூர்வீகத்தின் மொழிக்குத் திரும்பியது போல.

நம்ம ஊருக்கும் வந்தார், பெயர் தெரியாமல். 1953ல் ராஜ் கபூரின் ஆஹ் படம் தமிழில் அவன் என்று டப் ஆனது. ஷைலேந்திராவும் ஹஸ்ரத்தும் எழுதிய இடத்தில் கம்பதாசன் தமிழ் வரிகள் எழுதினார். ஏ.எம்.ராஜாவும் ஜிக்கியும் பாடினார்கள். ராஜ் கபூரின் உதட்டசைவுக்குள் தமிழ் உட்காரணும், மெட்டு நெளியக் கூடாது, கேட்பவருக்கு டப்பிங் வாடை அடிக்கக் கூடாது. கம்பதாசன் அதைச் செய்து காட்டினார். உங்க தாத்தா பாட்டியிடம் அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்க, மெட்டு உடனே வரும். அதற்கு இந்தியில் எழுதியவர் யார் என்று கேட்டால் வராது. நியாயமாகப் பார்த்தால், பல பேருக்குக் கம்பதாசன் பெயரும் வராது.

மூன்றாவது சத்தியம்

1959ல் ஃபிலிம்ஃபேர் முதல் தடவையாகச் சிறந்த பாடலாசிரியர் விருது கொடுத்தபோது, யஹூதி படப் பாட்டுக்காக அது ஷைலேந்திராவுக்குப் போனது. அடுத்த வருஷம் அனாடி படத்துக்காக இன்னொன்று. பிமல் ராயின் பந்தினி, எஸ்.டி.பர்மன் இசையில் கைடு என்று 1960களின் நடுவில் உச்சத்தில் இருந்தார். இதற்கிடையே படம் தயாரிக்கும் ஆசையும் வந்தது.

பீகார் எழுத்தாளர் பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதை. ஒரு மாட்டுவண்டிக்காரனும், ஊர் ஊராகப் போய் ஆடும் நௌடங்கி ஆட்டக்காரியும். தீஸ்ரி கஸம், அதாவது மூன்றாவது சத்தியம். பாசு பட்டாச்சார்யா இயக்கம், சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கேமரா, ராஜ் கபூரும் வஹீதா ரஹ்மானும் நடிப்பு. நட்புக்காக ராஜ் கபூர் பெயரளவுக்கு ஒரு ரூபாய்தான் வாங்கினார் என்பார்கள். படம் வருஷக்கணக்கில் இழுத்தது. செலவு ஏறியது, கடன் ஏறியது. சோக முடிவை மாற்றினால் ஓடும் என்று விநியோகஸ்தர்கள் தரப்பில் சொல்லியும் ஷைலேந்திரா அசையவில்லை. 1966ல் வெளியாகித் தோற்றது. குடியும் கவலையும் சேர்ந்து உடம்பைக் கெடுத்தன. 1966 டிசம்பர் 14ல் இறந்தார். 43 வயது. ராஜ் கபூரின் பிறந்தநாளும் அதே தேதிதான்.

சில மாதம் கழித்து அந்தப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மேரா நாம் ஜோக்கர் படத்துக்காக அவர் பாதியில் விட்டுப்போன ஒரு பாட்டை மகன் ஷைலி ஷைலேந்திரா முடித்துக் கொடுத்தார். மூன்றாவது ஃபிலிம்ஃபேர் விருதும் இறந்த பிறகே வந்தது.

அவர் தலித் என்பது உயிரோடு இருந்தவரை பொதுவெளியில் பேசப்படவில்லை. சுமார் அரை நூற்றாண்டு கழித்து, அவர் கவிதைகள் தொகுப்பாக வந்தபோது மகன் முன்னுரையில் எழுதிய பிறகுதான் இந்தி இலக்கிய உலகத்தில் அது விவாதம் ஆனது. சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் ஆவாராவின் கேள்வியே அதுதானே. பிறப்பை வைத்து ஒருவனை முடிவு செய்யலாமா என்று கேட்ட படத்தின் பாட்டை உலகம் பாடியது. அதை எழுதியவர் தன் பிறப்பைப் பற்றி வெளியில் பேசாமலே போனார்.

காசும் கிட்டத்தட்ட பெயர் மாதிரிதான். அந்தக் காலத்தில் பாடலாசிரியருக்கு ஒரு தொகை கொடுத்தால் கணக்கு முடிந்தது, உரிமை தயாரிப்பாளருக்கு. 1977ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் பக்கமே நின்றது. 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், எழுதிக்கொடுத்தாலும் பறிபோகாத ராயல்டி உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைத்தது. ஷைலேந்திரா இறந்து 46 வருஷம் ஆகியிருந்தது.

இந்தியச் சட்டப்படி வரிகளுக்கான பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 60 வருஷம் வரைக்கும். அந்தக் கணக்கில் ஷைலேந்திராவின் வரிகளுக்கு 2026 டிசம்பர் 31ஓடு காலம் முடிகிறது. மெட்டு வேறு கணக்கு. ஜெய்கிஷன் 1971லும் சங்கர் 1987லும் இறந்தார்கள். இருவர் சேர்ந்து போட்ட மெட்டு என்பதால் கடைசியாக இறந்தவரின் ஆண்டில் இருந்து எண்ணணும், 2047 வரை போகும். ஊர் ஊராகப் போனது மெட்டு, முதலில் விடுதலை ஆகப்போவது சொற்கள்.